விளக்கு சொல்வதும் சில்லு சொல்வதும்

தாழ்வுபாட்டுக் கடற்கரையில் வாகனம் புதைவது செய்தியே அல்ல. மன்னார் பட்டினத்திலிருந்து தாழ்வுபாடு வீதியால் சில கிலோமீற்றர் வந்து, தார் முடிகிற இடத்தில் மணல் தொடங்கும். மீன் ஏற்ற வருகிற லொறிக்காரர்களுக்கு அந்த எல்லை தெரியும். அதற்கப்பால் சில்லை வைக்கமாட்டார்கள். "நாலு சில்லும் இழுக்கிற வாகனம்தானே" என்ற துணிவில் இறங்குகிற என்னைப் போன்றவர்கள்தான் வாடிகளில் இருப்போருக்குப் பின்னேரப் பொழுதுபோக்கு.

அன்றைக்குச் சோளகம் பிடித்திருந்தது. மணல் கணுக்காலில் ஊசியாகக் குத்தியது. என்னுடையது பழைய டபுள் கப். எத்தனையோ கைமாறி என்னிடம் வந்தது. கரையில் இழுத்து வைத்திருந்த படகுகளுக்குப் பின்னால் திருப்பப் பார்த்தேன். பின் வலச்சில்லு உறுமிக்கொண்டு தோண்டத் தொடங்கியது. தாழ் கியருக்கு மாற்றினேன், டிஃப் லொக் சுவிச்சை அழுத்தினேன். டாஷ்போட்டில் செம்மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது. வலச்சில்லு அச்சு வரைக்கும் இறங்கிய பிறகும் சிமிட்டியது.

கரைவலை இழுக்க நின்ற உழவு இயந்திரம் வந்தது. அதை ஓட்டிய பெடியனுக்கு இருபது வயதுக்கு மேல் இராது. கயிற்றைக் கொளுவுமுன் வாகனத்தின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணை, உங்கட லொக் பிடிக்கேல்ல. ஒரு பக்கந்தான் தோண்டியிருக்கு, பாருங்கோ."

நான் அதுவரை பார்த்துக்கொண்டிருந்தது விளக்கை. அவன் பார்த்தது மணலை. வலப்பக்கம் ஒரு குழி. இடப்பக்கம் ரயர் பதிந்த தடம் அப்படியே, ஒரு மணலும் கலையாமல். வாகனத்தின் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்பதை அந்த ஒற்றைக் குழி எழுதி வைத்திருந்தது. அதை எப்படி வாசிப்பது என்பதற்கு முதலில் டிஃபரன்ஷல் என்ற பெட்டிக்குள் இறங்க வேண்டும்.

வாகனம் திரும்பும்போது வெளிச்சில்லு உட்சில்லை விடக் கூடுதல் தூரம் ஓடவேண்டும். எவ்வளவு கூடுதல்? இரண்டு பின்சில்லுகளுக்கும் இடையே ஒன்றரை மீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஒரு செங்கோணத் திருப்பத்தில் 2.36 மீற்றர். இதில் வேடிக்கை, திருப்பத்தின் அகலம் கணக்கில் வருவதேயில்லை. ஒழுங்கை முடக்கில் திரும்பினாலும் மைதானத்தைச் சுற்றித் திரும்பினாலும் வித்தியாசம் அதே 2.36 மீற்றர்தான், சில்லுகளின் இடைவெளியும் திரும்பிய கோணமும் மட்டுமே அதைத் தீர்மானிக்கின்றன. என் வாகனத்தின் ரயர் ஒருமுறை உருண்டால் ஏறக்குறைய 2.4 மீற்றர் போகும். ஆக ஒவ்வொரு முடக்கிலும் வெளிச்சில்லு, உட்சில்லை விடக் கிட்டத்தட்ட ஒரு முழுச்சுற்று அதிகமாகச் சுற்றுகிறது. இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கி வைத்திருந்தால் அந்த ஒரு சுற்றை ஏதாவது ஒரு ரயர் தாரில் தேய்த்துத்தான் தீர்க்கவேண்டும். மாட்டுவண்டிலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வண்டிலின் ஒவ்வொரு சில்லும் தன்பாட்டில் சுற்றும். இயந்திரம் அச்சைச் சுழற்றத் தொடங்கிய நாளில்தான் தலையிடி வந்தது. ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சு மணிக்கூட்டுத் தொழிலாளி 1827இல் நீராவி வண்டி ஒன்றுக்காக இதற்கொரு விடை கண்டு காப்புரிமை பெற்றார். இன்று வீதியில் ஓடுகிற பெரும்பாலான வாகனங்களில் இருப்பது அவருடைய யோசனையின் பேரப்பிள்ளை.

அந்த யோசனையைப் பல்சக்கரப் படம் போட்டு விளக்குவதை விடக் கடற்கரையில் நின்று விளக்குவது சுகம். ஒரு கப்பி. அதன் மேலாக ஒரு கயிறு. கயிற்றின் இரு தலைப்பையும் இரண்டு பேர் பிடித்து நிற்கிறார்கள். நீங்கள் கப்பியின் நடுவைப் பிடித்து முன்னே இழுக்கிறீர்கள். இருவரும் உறுதியாக நின்றால் உங்கள் இழுவை சரிபாதியாக இருவருக்கும் போகும். ஒருவர் மெல்ல நடந்து மற்றவர் விரைந்து வந்தாலும் குற்றமில்லை. கப்பி உருண்டு கணக்கைச் சரிசெய்துவிடும். இழுவை மட்டும் எப்போதும் சமம், ஏனென்றால் ஒரே கயிறு. இப்போது ஒருவர் கையை விட்டுவிட்டார் என்று வையுங்கள். கயிறு அவர் பக்கத்திலிருந்து உருவிக்கொண்டு ஓடும். மற்றவர் எவ்வளவு பலசாலியாக நின்றாலும் அவருக்கு ஒரு இழுவையும் போய்ச் சேராது. நீங்கள் கப்பியோடு மல்லாக்க விழுவீர்கள்.

டிஃபரன்ஷலுக்குள் இருக்கிற சின்னப் பல்சக்கரங்கள்தான் அந்தக் கப்பி. இரண்டு அச்சுத் தண்டுகளும் அந்த இரண்டு பேர். எஞ்சின் இழுப்பது அந்தச் சக்கரங்களைத் தாங்கி நிற்கும் கூட்டை. மணலில் புதைந்த சில்லு கைவிட்ட ஆள். சமமாகப் பகிர்வது நீதி என்று நாம் நினைக்கிறோம். இந்தப் பெட்டியிலோ சமம் என்பதன் பொருள், இரண்டில் எது பலவீனமோ அதன் அளவுக்குத்தான் மற்றதற்கும். முன் அச்சிலும் இன்னொரு கப்பி, இதே விதி. எனவே நாலு சில்லு வாகனம் என்று நாம் பெருமைப்படுவது, இக்கட்டில் மாட்டினால், முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக இரண்டு சில்லு மணலைத் தோண்டுகிற வாகனம்தான்.

லொக் என்பது கயிற்றைக் கப்பியோடு சேர்த்துக் கட்டிவிடுவது. அவ்வளவுதான். பெட்டிக்குள் ஒரு பல் வளையம் அச்சுத் தண்டின் மேல் சறுக்கிப் போய்க் கூட்டின் பற்களோடு கவ்வும். கவ்வியதும் கப்பி உருளமாட்டாது. இரண்டு தண்டும் கூடும் ஒரே உடம்பு. கைவிட்டவர் விட்டால் விடட்டும், மற்றவருக்கு முழு இழுவையும் போகும். வளையத்தைத் தள்ளுவது ஒரு கவை. கவையைத் தள்ளுவது யார் என்பதில்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு. ரொயோட்டாவின் பல வாகனங்களில் டிஃபரன்ஷலின் மேல் பூட்டிய ஒரு சின்ன மின்மோட்டர். மிற்சுபிசியின் பஜிரோவில் சின்னக் காற்றுப் பம்பியும் மெல்லிய குழாயும். என்னுடையது மோட்டர் வகை.

இந்த வகையில் விளக்கு சிமிட்டுவது பிழை அல்ல என்பதைச் சொல்லவேண்டும். சிமிட்டினால், "கட்டளை கிடைத்தது, இன்னும் பூட்டவில்லை" என்று பொருள். நிலைத்து எரிந்தால்தான் பூட்டியாயிற்று. இடையில் நேரம் எடுப்பதற்கு நியாயமான காரணம் உண்டு: வளையத்தின் பல்லும் கூட்டின் பல்லும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றால் நுழைய இடமில்லை. ஒரு சுருள்வில் கவையைத் தள்ளியபடி காத்திருக்கும். சில்லுகள் கொஞ்சம் வித்தியாசமாகச் சுற்றினதும் பல்லுக்கு இடைவெளி நேர்ப்பட்டு உள்ளே விழும். எனவே சிமிட்டும்போது செய்யவேண்டியது, கைப்பிடியைச் சற்று ஒடித்து ஒன்றிரண்டு மீற்றர் மெல்ல உருட்டுவது. அரைவாசிப் பேர் "லொக் பழுது" என்று கராச்சுக்குக் கொண்டுவருவது நின்ற இடத்திலேயே சுவிச்சை அழுத்திவிட்டுப் பொறுமையிழந்த வாகனங்களைத்தான் என்று பிறகு எனக்கு வேலை செய்த பாஸ் சொன்னார். விளக்கு சிமிட்டவே இல்லையென்றால் கதை வேறு. அப்போது கட்டளையே போய்ச் சேரவில்லை. தாழ் கியரில் இல்லாவிட்டால் பூட்ட மறுக்கும் அமைப்புகள் உண்டு. தாழ் கியர் விழுந்ததைக் கணினிக்கு அறிவிக்கும் குட்டிச் சுவிச் பழுதானால், கியர் விழுந்தும் கணினி நம்பாது.

என்னுடையது உருட்டியும் சிமிட்டியது. பட்டினத்தில் ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனேன். பியூஸை மாற்றினார்கள். றிலேயை மாற்றினார்கள். பிறகு டிஃபரன்ஷலில் மோட்டரின் வயரைக் கழற்றி மல்டிமீற்றர் வைத்தார்கள், 12.3 வோல்ற் காட்டியது. "கரண்ட் வருது, மோட்டர் சுத்தேல்ல. அப்ப மோட்டர்தான்." தர்க்கத்தில் ஓட்டை தெரியவில்லை. புது மோட்டரின் விலையைக் கேட்டதும் எனக்குத்தான் சுற்றியது. வாகனத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாவதாகப் போனது ஒரு வேப்பமரத்துக்குக் கீழ். பாஸுக்கு அறுபது தாண்டியிருக்கும். பியூஸ் பெட்டியை அவர் திறக்கவேயில்லை. "முதல்ல சில்லைக் கேப்பம்" என்றார்.

முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். தரை மணல் கலந்தது என்பதால் ஜக்கின் கீழே தடித்த பலகை போட்டார். பின் அச்சைத் தூக்கி, இரு பக்கமும் இரும்புத் தாங்கி வைத்தார். ஜக்கை மட்டும் நம்பி அவர் கீழே கையும் நீட்டவில்லை. கியரில் விட்டு, கைப்பிரேக்கைத் தளர்த்தி, இரண்டு ரயர்களிலும் உச்சியில் சோக்கால் ஒரு கோடு கீறினார். பிறகு வலச்சில்லைக் கையால் முன்பக்கமாகக் கால் சுற்றுச் சுற்றினார். இடச்சில்லைப் பார்க்கச் சொன்னார். அதன் சோக்குக் கோடு கால் சுற்றுப் பின்னுக்குப் போயிருந்தது.

இது செப்படிவித்தை இல்லை. இரண்டு சில்லுகளின் வேகத்தையும் கூட்டி இரண்டால் பிரித்தால் வருகிற சராசரிதான் டிஃபரன்ஷல் கூட்டின் வேகம். வாகனம் கியரில் நிற்பதால் கூடு அசைய முடியாது, சராசரி பூச்சியம். ஒன்று முன்னுக்குக் கால் சுற்றுப் போனால் மற்றது பின்னுக்குக் கால் சுற்றுப் போனால்தான் பூச்சியம் வரும். கப்பியைச் சுவரில் அறைந்துவிட்டு ஒரு தலைப்பை இழுத்தால் மறு தலைப்பு மேலேறுவது போல. பூட்டியிருந்தால் இரண்டும் ஒரே உடம்பு. கூடு அசையாதபோது எந்தச் சில்லும் அசையாது. ஆகவே சாவியைத் திருப்பி, தாழ் கியரில் சுவிச்சை அழுத்திவிட்டு, மறுபடி சில்லைச் சுற்றிப் பார்த்தால் போதும். சுற்றினால் பூட்டவில்லை, சுற்ற மறுத்தால் பூட்டிவிட்டது. எங்களுடையது சுற்றியது. மேலே விளக்கு சிமிட்டியது. இந்த முறை விளக்கும் சில்லும் ஒரே கதையைச் சொன்னன.

பிறகு அவர் எடுத்து வந்தது மீற்றர் அல்ல. இரண்டு வயர் ஒட்டிய ஒரு பழைய ஹெட்லைற் பல்ப். மோட்டருக்கு வரும் வயரைக் கழற்றி அந்தப் பல்பில் கொடுத்து, என்னைச் சுவிச்சை அழுத்தச் சொன்னார். கண்ணைக் கூசச் செய்யவேண்டிய 55 வாற் பல்ப், அணையப் போகும் சுருட்டு நுனி போலச் சிவந்தது. அது எரிந்துகொண்டிருக்கும்போதே மீற்றரை வைத்தார். 3 வோல்ற்.

முதல் கராச்சில் 12.3 காட்டிய அதே வயர். மீற்றர் பொய் சொன்னதா? இல்லை, அதனிடம் கேட்ட கேள்விதான் பிழை. வீட்டுத் தண்ணீர்க் குழாய் பாசி பிடித்து ஈர்க்கு நுழையுமளவுக்குச் சுருங்கிப் போயிருக்கட்டும். பைப்பைப் பூட்டி வைத்திருக்கும்வரை அதன் வாயில் தாங்கியின் முழு அமுக்கமும் இருக்கும். திறந்தால்தான் சொட்டும். சாதாரண டிஜிற்றல் மீற்றரின் உட்தடை ஒரு கோடி ஓம் அளவு. 12 வோல்ற் அதனூடாக அனுப்புவது ஒரு அம்பியரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சிய மின்னோட்டம். பைப் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். இடையில் ஆயிரம் ஓம் தடையுள்ள கறள் இருந்தாலும் அந்த மெல்லிய ஓட்டத்துக்கு அது தெரியாது. ஹெட்லைற் பல்ப் நாலரை அம்பியர் கேட்கும். பைப்பை முழுக்கத் திறக்கிறது. இரண்டு ஓம் கறள் போதும், வோல்ற்றளவில் பெரும்பங்கை அந்தக் கறளே தின்றுவிடும். மோட்டரும் பல அம்பியர் கேட்கிற சாதனம்தான். மோட்டரை நியாயமாக விசாரிக்க வேண்டுமானால் அதற்குப் பதிலாக அதேயளவு பசியுள்ள ஒன்றை வைத்துக் கேட்கவேண்டும்.

உறுதிப்படுத்த, பற்றரியிலிருந்து இரண்டு தடித்த வயரை நேரே மோட்டரில் ஒரு கணம் தொட்டார். "கிர்" என்றது. கணத்துக்கு மேல் தொடவில்லை. நேரே கொடுக்கும் மின்னுக்கு எங்கே நிற்கவேண்டும் என்று தெரியாது, எல்லையில் முட்டிப் பற்களை உடைத்துவிடும் என்றார். மோட்டர் சாகவில்லை. முதல் கராச்சை நம்பியிருந்தால் அதைக் கழற்றி எறிந்திருப்பேன்.

இனி வயரில் எங்கே? முன்னாலிருந்து பின்வரை நாலரை மீற்றர். அவர் நடுவில் ஒரு இணைப்பைத் திறந்து பல்பைக் கொடுத்தார், பளீரென்று எரிந்தது. ஆக முன்பாதி நல்லது. மீதிப் பாதியின் நடுவில் மறுபடி. மூன்றாவது தடவையில் பின் அச்சுக்கு மேலே வயர் வளைந்து இறங்குகிற இடத்துக்கு வந்துவிட்டோம். கறுப்புச் சுற்றலைப் பிளேட்டால் கீறிப் பிரித்தபோது உள்ளே செம்பு இல்லை. பாசிப்பயறு மா மாதிரி ஒரு பச்சைத் தூள். சில இழைகள் மட்டும் மிச்சம். வெளியிலிருந்து பார்த்தால் வயர் புதுசு.

இதை உப்பு அரித்தது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் உப்பு செய்கிற வேலை நாம் நினைப்பதை விடத் தந்திரமானது. காய்ந்த உப்பு செம்பை ஒன்றும் செய்யாது. அது ஈரம் குடிக்கவேண்டும். சுத்தமான சோற்றுப்பு, காற்றின் சாரீரப்பதன் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானாகக் கரைந்து நீராகும். கடலுப்பு அப்படிச் சுத்தமானதல்ல. அதில் மக்னீசியம் குளோரைட் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். கடற்கரையில் சித்திரை வெயிலிலும் காற்றின் ஈரம் அதற்குக் கீழே இறங்குவது அரிது. அதனால்தான் குசினியில் உப்புப் போத்தல் எப்போதும் கசிந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் ஒருமுறை கடல்நீர் தெறித்த வயர், பார்வைக்குக் காய்ந்த பிறகும் உள்ளே காய்வதில்லை. செம்பு இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அந்த உப்புநீரை உறைக்குள் மேலே மேலே இழுத்துச் செல்லும். தெறிப்பதற்குக் கடலில் இறங்கவும் வேண்டியதில்லை. மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் 30 காற்றாலைகளைத் தம்பபவனி என்ற பெயரில் நட்டு 103.5 மெகாவாற் கொள்ளளவில் மின் எடுக்க வைத்த அதே காற்றுத்தான், அலை உடைகிற நுரையைப் புகையாக்கி ஊருக்குள் கொண்டுவருகிறது.

பாஸ் ஒரு முழ வயரை வெட்டி எறிந்தார். புது வயர் வைத்துப் பற்றவைத்து, உறை போட்டு, வாய்களைக் கிறீஸால் அடைத்தார். சுவிச்சை அழுத்தச் சொன்னார். பின்னால் முனகல் கேட்டது. வலச்சில்லை இரண்டு விரற்கடை சுற்றினார். "கடக்" என்று பெட்டிக்குள் ஏதோ விழுந்தது. இப்போது சில்லு அசையவில்லை. இடச்சில்லும் அசையவில்லை. பூட்டிவிட்டது.

விளக்கு இன்னும் சிமிட்டியது.

எனக்கு அலுத்துவிட்டது, அவருக்குச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குக் காரணம் விளங்க உழவு இயந்திரத்துக்குத் திரும்பவேண்டும். என்னை இழுத்தெடுத்த பெடியனின் இயந்திரத்திலும் பின் டிஃப் லொக் இருக்கிறது. பெரும்பாலான உழவு இயந்திரங்களில் அது இருக்கைக்குக் கீழே குதிகால் எட்டும் இடத்தில் ஒரு இரும்பு மிதி. வயரில்லை, றிலேயில்லை, கணினியில்லை, விளக்கும் இல்லை. மிதி கம்பியைத் தள்ளும், கம்பி கவையைத் தள்ளும், கவை வளையத்தைத் தள்ளும். பல் முட்டினால் மிதி பாதியில் நிற்கும். கவ்வினால் முழுக்க இறங்கும். குதிகாலுக்கு உடனே தெரியும். காலை எடுத்தால், சில்லில் சுமை தளர்ந்த கணத்தில் வில் தள்ளி விடுவிக்கும். கட்டளை போகிற கம்பி எதுவோ, பதில் வருகிற கம்பியும் அதுதான். என் வாகனத்தில் அந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். கட்டளை ஒரு வயரால் மோட்டருக்குப் போகிறது. பதில் இன்னொரு வயரால், டிஃபரன்ஷலில் திருகிய வேறொரு குட்டிச் சுவிச்சிலிருந்து வருகிறது. கவை நகர்ந்தால் அந்தச் சுவிச்சின் முனை அமுங்கும், விளக்கு நிலைக்கும். பாதை இரண்டென்றால் பழுதும் இரண்டு. பூட்டாமலே பூட்டியதென்றும், பூட்டியும் பூட்டவில்லையென்றும் விளக்கு சொல்லக்கூடும். அது நேரில் கண்ட சாட்சியல்ல, கேட்டுச் சொல்கிற சாட்சி.

சுவிச்சைக் கழற்றினார். பெருவிரல் நகமளவு முனை, கறளேறி உள்ளேயே இறுகிக் கிடந்தது. அமுக்கினாலும் விட்டாலும் மீற்றரில் ஒரு சத்தமும் இல்லை. "இது கொழும்பிலயிருந்து வரவேணும். அதுவரைக்கும் விளக்கைப் பாக்காதேங்கோ."

கழற்றிய ஓட்டையில் விரலை விட்டு எண்ணெயையும் தொட்டுப் பார்த்தார். அது எனக்கு நல்ல நாள். எண்ணெய் கறுப்பாகவே இருந்தது. பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே கடல் புகுந்துவிட்டது என்று பொருள். படகு ஏற்றும் இழுவைப்பெட்டியைத் தண்ணீருக்குள் விடுகிற வாகனங்களில் இது சாதாரணம். ஓடிச் சூடான டிஃபரன்ஷலில் எண்ணெய் 80 பாகை இருக்கலாம். அதை அப்படியே 30 பாகைக் கடலில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்றுக் குளிர்ந்து அதன் அமுக்கம் 14 சதவீதம் வரை விழும். மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் பெட்டி எண்ணெய் முத்திரைகளின் ஓரத்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சில்லுவரை கடலுக்குள் போகுமுன் கால்மணி நேரம் ஆறவிடுவது ஒரு பியரிங் விலைக்கு மலிவு.

காற்றுப் பம்பி வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் கருவி காது. சுவிச்சை அழுத்தியதும் பம்பி முனகிச் சில நொடியில் அடங்கினால் நலம். முனகிக்கொண்டே இருந்தால் குழாயில் வெடிப்பு. முனகவே இல்லையென்றால் மின்பக்கம். இன்னொரு புறம், பல புது வாகனங்களில் லொக்கே இல்லாமல் கணினி பிரேக் பிடித்துச் சமாளிக்கிறது. வீணாகச் சுற்றுகிற சில்லில் மட்டும் பிரேக்கை அழுத்தும். கைவிட்டவர் கயிற்றை யாரோ பின்னால் பிடித்தால் மற்றவருக்கும் இழுவை போகுமல்லவா, அதே சூத்திரம். உழவு இயந்திரத்தில் இடம், வலம் என்று தனித்தனிப் பிரேக் மிதி இருப்பதால் நம்மூர்ச் சாரதிகள் இதைக் கணினி வருமுன்னே காலால் செய்துகொண்டிருந்தார்கள். கரைவலையை இயந்திரத்தால் இழுப்பது தகுமா என்ற வழக்கு வடக்கில் இன்னும் ஓயவில்லை. கையால் இழுத்தால் பல குடும்பங்களுக்கு நாட்கூலி. அந்த வழக்கில் எனக்குத் தீர்ப்பில்லை. உப்புக் கரையில் வருடக்கணக்கில் நிற்கிற இயந்திரத்துக்கு மிதியும் கம்பியும்தான் சரி என்பதில் சந்தேகமில்லை.

பூட்டியபடி தார் வீதிக்கு ஏறவேண்டாம். அந்த 2.36 மீற்றர் கணக்கு அங்கே காத்திருக்கும். மணலில் ரயர் சறுக்கித் தீர்த்துக்கொள்ளும். தாரில் அது ரயரையோ அச்சையோ தின்னும், கைப்பிடியை ஒடித்தாலும் வாகனம் நேரே போகப் பார்க்கும். சுவிச்சை விடுவித்தும் பூட்டுக் கழலவில்லையென்றால் பயப்படத் தேவையில்லை. முறுக்கேறிய அச்சு பல்லை இறுக்கிப் பிடித்திருக்கும். நேராக ஒரு மீற்றர் பின்னுக்கு எடுத்தால் "டக்" என்று விடும்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட மிதப்பில் அடுத்த ஞாயிறு மறுபடி தாழ்வுபாட்டுக்குப் போனேன். அதே படகுகள், அதே இடம். தாழ் கியர், சுவிச், ஒரு மீற்றர் உருட்டல். பின்னால் "கடக்". விளக்கு தன்பாட்டில் சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. வாகனம் பத்து மீற்றர் சீராகப் போனது. பிறகு மெதுவாக, மரியாதையாக, இரண்டு பக்கமும் ஒரேயளவில் உட்கார்ந்தது.

உழவு இயந்திரப் பெடியன் நடந்தே வந்தான். குனிந்து பார்த்தான். வலப்பக்கம் ஒரு குழி, இடப்பக்கம் ஒரு குழி, அளந்து வெட்டியது மாதிரி.

"இப்ப லொக் நல்லா வேலை செய்யுது அண்ணை. ரெண்டு பக்கமும் வடிவாத் தோண்டியிருக்கு."

கயிறு எடுக்கவில்லை அவன். ரயர்களைக் காலால் உதைத்துப் பார்த்தான். சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் காற்று, பட்டினத்தில் அடித்தபடியே. இரண்டு தொன் வாகனத்தில் ஒரு சில்லின் பங்கு 500 கிலோ. அந்த அமுக்கத்தில் ரயர் மணலில் ஊன்றுவது சுமார் 200 சதுர சென்ரிமீற்றர், விரித்த கையை விடச் சற்றுப் பெரிது. காற்றை 18க்கு இறக்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பூட்டு, இருக்கிற பிடியை இரண்டு சில்லுக்கும் கொண்டுபோகுமே தவிர, இல்லாத பிடியைக் கொடுக்காது. அவன் இதையெல்லாம் சொல்லவில்லை. ஒரு நெருப்புக்குச்சியை உடைத்து வால்வின் நடுமுனையில் வைத்து அழுத்தினான். காற்று சீறியது. நாலு ரயரும் வயிறு தொங்கும்வரை ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தான். பிறகு கையால் குழியின் முன் உதட்டைச் சரித்துவிட்டு, "இப்ப மெல்ல எடுங்கோ, மிதிக்காதேங்கோ" என்றான்.

ஏறி வந்துவிட்டது. லொக்கை விடுவித்து, ஒரு மீற்றர் பின்னுக்கு எடுத்து, "டக்" கேட்ட பிறகு தாரில் ஏறினேன். பட்டினத்துப் பெற்றோல் செட்டில் காற்றடிக்க வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற முச்சக்கரவண்டிக்காரர் என் சில்லுகளை ஏற இறங்கப் பார்த்து, நாலும் ஒரே நேரத்தில் எப்படிப் பஞ்சராகும் என்று கேட்டார்.